விளையாட்டுப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி? வடசென்னை வீடுகளில் இருந்து வரும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் என் கடையில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு ஒரு மாதத்துக்கு ஆறாது. தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்கள் நிரப்பி முடித்ததும் எழுந்து போவதில்லை. "அப்படியே ஒரு விஷயம்..." என்று இழுப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் பேசுவது ஒரே மாதிரியான பிள்ளையைப் பற்றித்தான். விடியற்காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்து மைதானத்துக்கு ஓடுவான். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுவான். திட்டினால் சிரிப்பான்.

நானும் அந்த ரகம்தான். கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்று வருடம் லெஃப்ட் பேக் ஆடியவன். ஒரே பதிலை நூறு முறை வாயால் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

விளையாட்டைத் தவிர எதிலும் ஆர்வம் இல்லாதவனைக் கல்லூரியில் சேர்ப்பது பணத்துக்குக் கேடு இல்லையா?

நேர்மாறு. பள்ளி முடிந்த பிறகு ஒழுங்கான போட்டிகள் கிடைக்கும் பெரிய வாசல் கல்லூரிதான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். அங்கிருந்து மண்டல அளவு, அகில இந்திய அளவு என்று போகலாம். 2020 முதல் மத்திய அரசின் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் நடக்கின்றன. கல்லூரியில் இல்லாதவனுக்கு இந்த ஏணி கிடையாது. கிளப் ஆட்டம் மட்டும்தான் மிச்சம்.

வேலைக்கும் அதுதான் வழி. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, காவல்துறைத் தேர்வில் 10 சதவீதம். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். ஆர்வம் இல்லாத பாடத்தில் வாங்கினாலும் பட்டம் பட்டம்தான்.

சரி, எந்தக் கல்லூரி? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்.

சொல்ல மாட்டேன். பெயரைக் கேட்டுச் சேர்த்துவிட்டு மறு வருடம் என் கடை வாசலில் வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயரைவிட அவனுடைய ஒரு நாள் எப்படி ஓடும் என்பதுதான் முக்கியம். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவான், வகுப்பு எப்போது முடியும், எத்தனை மணிக்கு ஷூவைக் கட்டுவான், இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பான். இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாளில் சரிப்படாதது வாழ்க்கையிலும் சரிப்படாது.

நம் பக்கத்திலேயே பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி இருக்கிறது. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் தண்டையார்பேட்டையில் ஆர்.கே. நகர் அரசுக் கல்லூரியும் இருக்கின்றன. பெண்களுக்குப் பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி. இவற்றை "பக்கத்துக் கல்லூரிதானே" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, தினமும் நான்கு மணி நேரத்தைப் பயணத்தில் தொலைக்கிறவர்கள் அதிகம். தூரம் போவது தப்பில்லை. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

எல்லாக் கல்லூரி புத்தகத்திலும் பச்சைப் பசேலென்று மைதானம் படம் போட்டிருக்கிறதே. நிஜமா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் உருப்படியான பதில் இருக்கிறது. என் அக்கா மகன் படத்தைப் பார்த்துத்தான் நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். முதல் பருவம் ஓடியது. இரண்டாவது பருவத்தில் அந்த மைதானத்தில் கல்லூரிப் பஸ்கள் நின்றுகொண்டிருந்தன. பெனால்டி அடிக்கிற இடத்தில் ஆயில் கறை. கேட்டதற்கு, "உங்கள் பஸ்ஸும் இங்கேதானே நிற்கிறது" என்றார்களாம்.

அதனால் மாலை நான்கரை மணிக்கு மேல், சொல்லாமல் போய் நின்று பாருங்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் இருக்கிற தரையைப் பாருங்கள். அங்கே புல் செழித்திருந்தால் யாரும் விளையாடுவதில்லை என்று அர்த்தம். கோல்கீப்பர் நிற்கிற இடம் வழுக்கையாகி, லேசாகக் குழிந்து, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். கைப்பந்துக் கம்பத்தில் வலை கட்டுகிற கயிறு புதிதா, இற்றுப்போயிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விளையாட்டுப் பொருள் அறைப் பூட்டில் துரு ஏறியிருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

பிறகு அங்கே வியர்த்து நிற்கிற பையன்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிசிக்கல் டைரக்டர் மைதானத்துக்கு வருவாரா?" அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் பதில் கிடைத்துவிட்டது.

காலை ஷிப்ட் நல்லதா, மதிய ஷிப்ட் நல்லதா?

சென்னையில் பல கலைக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் நடக்கிறது. காலை ஷிப்ட் என்றால் மதியத்தோடு வகுப்பு முடியும். மாலைப் பயிற்சிக்கு உடம்பும் நேரமும் இருக்கும். மதிய ஷிப்ட்டில் வகுப்பு முடிகிற நேரத்தில் மைதானத்தில் வெளிச்சம் போய்விடும்.

ஆனால் காலையில் பயிற்சி தருகிற கோச்சிடம் போகிறவனுக்குக் கணக்கு தலைகீழ். வியாசர்பாடியில் கால்பந்து, காசிமேட்டில் குத்துச்சண்டை என்று விடியற்காலையில் பயிற்சிக்குப் போகும் பையன்கள் நிறைய. அவர்களுக்கு மதிய ஷிப்ட் வரப்பிரசாதம். கோச்சைக் கேட்டுவிட்டு ஷிப்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நிறையப் பேர் முதலில் ஷிப்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு கோச்சிடம் போய்க் கெஞ்சுகிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சுலபமாக இடம் கிடைத்துவிடுமாமே?

சுலபம் என்று யார் சொன்னது? அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக்கு முதலில் கலந்தாய்வு நடக்கும். விளையாட்டு வீரர்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள், என்.சி.சி. மாணவர்கள் போன்றோர் அதில் வருவார்கள். விளையாட்டுக்கான பங்கு சிறியது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடங்கள். தமிழ்நாடு முழுவதும் இருந்து வருகிறவர்களுக்குச் சேர்த்து அவ்வளவுதான்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, கலந்தாய்வு அன்று பதக்கத்தோடு போய் நிற்பது வருடம் தவறாமல் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் சமீப ஆண்டுகளில் 50 ரூபாய்தான், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய். அதை நிரப்ப முந்நூறு ரூபாய் வாங்குகிற கடைகளும் உண்டு. என் கடை அப்படியில்லை என்று இங்கே சொல்லிக்கொள்வது விளம்பரம் ஆகாது என்று நினைக்கிறேன்.

பை நிறைய சான்றிதழ் வைத்திருக்கிறான். எது செல்லும்?

பையைக் கவிழ்த்தால் முக்கால்வாசி செல்லாது. தெருக் கோப்பை, கட்சித் தலைவர் பிறந்தநாள் கோப்பை, திருவிழாக் கபடி எல்லாம் வீட்டு ஷோகேஸுக்குத்தான். பள்ளிக் கல்வித்துறை நடத்தும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகள், அங்கீகாரம் பெற்ற மாநிலச் சங்கங்களின் போட்டிகள் போன்றவைதான் கணக்கில் வரக்கூடியவை. மண்டல அளவைவிட மாநில அளவு மேல், அதைவிடத் தேசிய அளவு மேல். சமீப ஆண்டுகளில் பெற்றவை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். ஆறாம் வகுப்பில் வாங்கிய தங்கத்துக்கு மதிப்பெண் கிடையாது.

சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட படிவத்தில், உரிய அதிகாரியின் கையெழுத்தோடு வேண்டும் என்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு அலைய மே மாதம் போதாது. பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

பி.பி.இ.எஸ்., பி.பி.எட். இரண்டும் ஒன்றா? படித்தால் பி.டி. மாஸ்டர் ஆகிவிடலாமா?

ஒன்றல்ல. பி.பி.இ.எஸ். என்பது பிளஸ் டூ முடித்ததும் சேர்கிற மூன்று வருட உடற்கல்விப் பட்டம். எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம், உடல்தகுதித் தேர்வு இருக்கும். பி.பி.எட். என்பது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கிற இரண்டு வருட ஆசிரியர் படிப்பு. பி.பி.இ.எஸ். மட்டும் முடித்துவிட்டு, "ஏன் வேலை தரவில்லை" என்று கேட்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது படி இருப்பது தெரியாமலே போய்விடுகிறது. கல்லூரியில் பிசிக்கல் டைரக்டர் ஆக வேண்டுமென்றால் எம்.பி.எட். என்ற முதுகலைப் படிப்பு, அதற்கு மேல் நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு. கோச் ஆக விரும்புகிறவர் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனப் பயிற்சியைப் பற்றி விசாரிக்கட்டும்.

சென்னைப் பக்கம் இதற்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கியது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர். மெட்ரோ நீலத் தடத்தில் விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். 2021 பிப்ரவரிக்கு முன்னால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை. இன்னொன்று மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். அது வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இருக்கிறது. அங்கே சேர்ந்தால் விடுதி. தினமும் திருவொற்றியூரில் இருந்து போய் வருகிறேன் என்று வீரம் பேச வேண்டாம்.

போட்டியில் எல்லாம் அவனுக்கு விருப்பம் இல்லை. வெளியே வெயிலில், தண்ணீரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என்ன படிப்பு?

இந்தப் பிள்ளைகளைத்தான் நாம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொண்டு உடற்கல்வியில் தள்ளிவிடுகிறோம். விளையாட்டு வேறு, வெளியில் இருக்கப் பிடிப்பது வேறு. எண்ணூர் முகத்துவாரத்தில் நாள் முழுக்கத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கோப்பை எதற்கு?

அப்படிப்பட்டவனுக்கு நமக்கு மிக அருகில் இருக்கிற அருமையான இடம் பொன்னேரி. டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி அங்கே இருக்கிறது. பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் பட்டம், நான்கு வருடப் படிப்பு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி. எல்லோரும் சென்ட்ரல் பக்கம் நெரிசலில் போகும்போது இவன் எதிர்த் திசையில் உட்கார்ந்து போகலாம். காசிமேட்டில் பிறந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் முன்பே தெரிந்திருக்கும். கட்டுமரத்தில் போகிறவர் வீட்டில் "படித்தும் மீன்தானா" என்று ஒரு அம்மா என்னிடம் கோபித்துக்கொண்டார். மீன்வளத்துறை அதிகாரியும் அந்த மீனைத்தான் படித்திருக்கிறார் என்றேன். சமாதானம் ஆகவில்லை.

காடு பிடிக்கும் என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, அதுவும் நான்கு வருடம். பாறை, மண், வரைபடம் பிடிக்கும் என்றால் மாநிலக் கல்லூரியில் புவியியல், நிலவியல் துறைகள் இருக்கின்றன. களப்பயணம் பாடத்திலேயே வரும். கப்பலுக்குப் போக வேண்டுமானால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். கப்பலைச் செலுத்துகிற மேல்தளப் பணிக்குக் கண்பார்வை கறாராகப் பார்ப்பார்கள், நிறக்குருடு இருக்கவே கூடாது. அந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டுப் பிறகு கனவு காணச் சொல்லுங்கள்.

காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டானே. இதெல்லாம் அவனுக்கு உண்டா?

மீன்வளம், வனம், கப்பல் மூன்றும் இல்லை. உடற்கல்வி உண்டு. பி.காம்., பி.ஏ. எதில் சேர்ந்தாலும் என்.சி.சி. எடுக்கலாம். மூன்றாம் வருடம் 'சி' சான்றிதழில் 'பி' கிரேடாவது வாங்கி, பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி நேர்காணலுக்கு விண்ணப்பிக்க ஒரு தனி வழி இருக்கிறது. மலையேற்ற முகாமும் துப்பாக்கிப் பயிற்சியும் அதிலேயே கிடைக்கும். இவ்வளவு இருந்தும் சேர்க்கையின்போது என்.சி.சி. இருக்கிறதா என்று கேட்கிறவர் பத்துக்கு ஒருவர்தான்.

பிளஸ் டூவில் தேறவில்லை. இனி என்ன?

முதலில் துணைத் தேர்வு எழுதட்டும். அதுவும் வேண்டாம் என்றால், ராயபுரத்தில் சிஃப்நெட் என்ற மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மீன்பிடிக் கப்பல் ஓட்டவும் எந்திரம் பார்க்கவும் இரண்டு வருடப் பயிற்சி. கூப்பிடு தூரத்தில் இருந்தும் நம் தெருக்களில் பாதிப் பேருக்கு அது என்ன கட்டடம் என்றே தெரியாது.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி கிடைத்திருக்கிறது. காடு மாதிரி இருக்குமாம், பையன் மயங்கிவிட்டான். அனுப்பலாமா?

மயங்கத்தான் வேண்டும். 350 ஏக்கருக்கு மேல் இடம், மரமும் புதரும் மானும். 1837-இல் தொடங்கி 1937-இல் தாம்பரத்துக்குப் போன கல்லூரி. விடுதியில் இடம் கிடைத்து, கட்டணமும் கட்ட முடிந்தால் யோசிக்கவே வேண்டாம். தினமும் போய் வருவதானால் முன்பு சொன்ன தாளை எடுங்கள். திருவொற்றியூரில் இருந்து மெட்ரோவிலும் மின்சார ரயிலிலும் மாறிப் போக ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். காட்டைப் பார்க்கப் போனவன் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவான்.

பெண் பிள்ளை. கால்பந்து ஆடுகிறாள். இருட்டிய பிறகு வருவதுதான் எங்களுக்குப் பயம்.

பயம் நியாயம்தான், ஆனால் அதற்கு மருந்து ஆட்டத்தை நிறுத்துவது அல்ல. காலையில் பயிற்சி நடக்கிற கல்லூரியாகப் பாருங்கள். மகளிர் கல்லூரிக்குப் போனால் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள்: அவள் ஆடுகிற விளையாட்டுக்கு அங்கே அணி இருக்கிறதா? பல இடங்களில் கைப்பந்தும் தடகளமும் இருக்கும், கால்பந்து அணி இருக்காது. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஷூ வாங்க அப்பாவிடம் கையேந்த வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை உண்டு.

வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்களாமே?

75 சதவீதம் வேண்டும். கல்லூரிக்காக, பல்கலைக்கழகத்துக்காக ஆடப் போன நாட்களுக்கு ஆன்-டியூட்டி தருவார்கள். தெரு அணிக்காக மதுரைக்குப் போன நாளுக்குத் தரமாட்டார்கள். ஆன்-டியூட்டி கடிதத்தைத் துறைத் தலைவரிடம் கொடுத்ததும் ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பருவக் கடைசியில் "கடிதமே வரவில்லை" என்பார்கள். நகல் இரண்டு ரூபாய்.

ஒரு தனியார் கல்லூரி கட்டணமே வேண்டாம், எங்கள் அணிக்கு ஆடினால் போதும் என்கிறது. நம்பலாமா?

நம்பலாம், காகிதத்தில் இருந்தால். மூன்று வருடத்துக்குமா, முதல் வருடத்துக்கு மட்டுமா? தேர்வுக் கட்டணம், விடுதி, சாப்பாடு சேர்த்தா? எல்லாவற்றையும்விட, முட்டி உடைந்து ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் என்ன? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அஞ்சல்வழியில் படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணிக்கு ஆடலாமா?

முடியாது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும்.

எல்லாம் சரி. அவன் எதற்கும் அலட்டிக்கொள்ளவே மாட்டேன் என்கிறானே. வாரம் ஒரு டெஸ்ட் வைக்கிற கண்டிப்பான கல்லூரியில் போட்டால் திருந்துவானா?

திருத்த அவனிடம் என்ன கெட்டிருக்கிறது? "விளையாட்டுப் பிள்ளை" என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு அர்த்தம். பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறவன் சோம்பேறி இல்லை. அவனுக்குப் பதற்றம் இல்லை, அவ்வளவுதான். 0–2 என்று பின்தங்கியிருக்கும்போது அணியில் ஒருவனாவது அப்படி இருக்க வேண்டும்.

கண்டிப்பான இடத்தில் இரண்டு விதமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் சிரித்துக்கொண்டே ஒத்துப்போய்விடுவார்கள். சிலர் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள், பிறகு மைதானத்துக்கும் போகமாட்டார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள். போன வருடம் ஒரு அப்பா, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்னிடம் பேசினார். கடைசியில் நான் பையனிடம், "தம்பி, உனக்கு எங்கே போக ஆசை?" என்றேன். "பொன்னேரி" என்றான். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் இருந்தது, வீட்டில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை என்பது.